லேலேயின் அக்கம்பக்கத்தார்

வெல்டன் ஃபால்ஸ், மினசோட்டா
ஏப்ரல் 19

மாண்புமிகு மேயர் அவர்களுக்கு,

நேற்று உங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கோட்டு நன்றாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் நின்றிருந்தீர்கள். பின்னால் ஹெக்லண்ட் குடும்பத்துக் கற்கள். பனி உருகிய ஈரத்தில் எல்லாம் வெள்ளை வெளேரென்று. அவற்றின் நடுவே என் தங்கை லேலேயின் கல், அதுவும் வெள்ளையாக. செய்தி சொன்ன பெண்ணுக்குக் குரல் தழுதழுத்தது. நகரத்தை உருவாக்கிய குடும்பத்தின் கல்லறைகள் மட்டுமல்ல, நகரத்தின் முதல் கறுப்பு மேயருடைய மனைவியின் கல்லறையும் தப்பவில்லையாம். வெறுப்பு பிடித்தவர்களின் வேலையாக இருக்கலாமாம். கறுப்புப் பெண்ணின் கல்லில் வெள்ளைச் சாயம். அவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இனி ‘நீங்கள்’ வராது. நியான், நீ குனிந்து லேலேயின் கல்லைத் தொட்டாய். விரலைப் பார்த்தாய். பிறகு அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாய். நான் பார்த்தேன். சுண்ணாம்பு என்று அந்த நிமிடமே உனக்குத் தெரிந்துவிட்டது. மார்ச் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை, கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும் நம் நாளில், அடித்தது என்பதும் தெரிந்திருக்கும். லைபீரியாவில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், அன்றைக்கு எல்லோரும் எங்கே இருப்பார்கள், கையில் என்ன இருக்கும் என்று.

ஆனால் நீ சொன்னது: “செய்தவர்கள் யாராக இருந்தாலும் சட்டத்தின் முன் நிறுத்தப்படுவார்கள்.”

அந்த ‘யாராக இருந்தாலும்’ நான்தான்.

அன்று நம் சபைப் பெண்கள் இருவரும் நானும் முழங்கால் பனியைத் தள்ளி வழி போட்டோம். முதல் தூரிகை புருஷனுடையது. உனக்காகக் காத்திருந்தோம். நீ எங்கோ ஒரு வங்கிக் கிளைக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தாய். சுண்ணாம்பு உறையத் தொடங்கியது. “லேலே, உன் வீட்டுக்காரர் வரக் கொஞ்சம் நேரமாகும்” என்று சொல்லிவிட்டு நானே தொடங்கினேன். அன்று மாலையே மறுபடி பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

உண்மையை நீ சொல். திங்கட்கிழமைக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஓரீத்தா

*

ஏப்ரல் 21, ஞாயிறு

கிறிஸ்துவுக்குள் அன்பான ஓரீத்தா அக்காவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. இன்று ஆராதனையில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. நான் பிரசங்கித்த நேரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேமராக்கள் வந்துவிட்டிருந்தன. நான் வாய் திறக்கும் முன் போலீஸ் தலைவர் என் தோளில் கை வைத்தார். “உங்க வீட்டம்மாவையும் விடல சார்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தேர்தலில் எனக்கு எதிராக வீடு வீடாகப் போனவர் அவர்.

அந்தக் கை தோளில் இருக்கும்போது நான் என்ன சொல்ல?

சொல்லியிருக்க வேண்டும். தெரியும். ஒரு நிமிடம் கடந்தது. பிறகு அது வேறொரு விஷயமாகிவிட்டது.

அன்று மாலை மெழுகுவத்தியோடு எத்தனையோ பேர் வந்தார்கள். கடையில் என் கையில் படாமல் சில்லறையை மேசைமேல் வைக்கிறவர்கள். என் முதியோர் பராமரிப்பு நிறுவனத்துப் பெண்களைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னவர்கள். லேலேயின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தார்கள் அக்கா. லே-லே. லே-லே. பதவியேற்று மூன்று மாதத்தில் நான் கேட்டும் கிடைக்காதது அன்று கிடைத்தது.

கொஞ்சம் பொறுங்கள். நம் பெண்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பேருந்து விடும் தீர்மானம் அடுத்த மாதம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அது நிறைவேறட்டும். பிறகு நானே மெதுவாக, யாருக்கும் கூச்சம் வராதபடி எடுத்துச் சொல்கிறேன். தயவுசெய்து போலீசுக்குப் போக வேண்டாம்.

ஜெபத்துடன்,
நியான்

*

ஏப்ரல் 24

நியான்,

உன் கடிதம் வருவதற்குள் போய்விட்டு வந்துவிட்டேன்.

மேசையில் ஒரு சின்னப் பையன், போலீஸ் உடுப்பில். கல்லறை விஷயம் என்றதும் எனக்குத் தகவல் தெரியும் போலிருக்கிறது என்று உட்கார வைத்துக் காப்பி கொடுத்தான். நான்தான் செய்தேன் என்றதும் காப்பியைத் திரும்ப வாங்கலாமா என்பதுபோல் பார்த்தான்.

“ஏம்மா பெயிண்ட் அடிச்சீங்க?”

“பெயிண்ட் இல்ல தம்பி. சுண்ணாம்பு. தண்ணி ஊத்தித் தேய்ச்சா போயிடும்.”

“அவங்கல்லாம் உங்களுக்கு என்ன உறவு?”

“ஒருத்தி தங்கச்சி. மத்தவங்க அவளுக்கு அக்கம்பக்கம்.”

தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டான். பிறகு, “அக்கம்பக்கம்னா?” என்றான்.

அவனுக்கு எப்படி விளங்க வைப்பது? நம் ஊரில் நம்முடையதை மட்டும் வெளுத்துவிட்டுப் பக்கத்துக் கல்லைப் பாசியோடு விட்டுவிட்டு வருவோமா? பசித்தவன் முன்னால் தனியாகச் சாப்பிடுவதுபோல் இல்லையா அது? அதோடு லேலே அந்த மண்ணுக்குப் புதியவள். ஹெக்லண்ட் குடும்பம் முதலில் வந்து படுத்தவர்கள். புதிய ஊருக்கு வருகிறவனுக்கு ஒரு பொறுப்புத் தகப்பன் வேண்டும். இடம் கொடுக்க, அவன் தப்பு செய்தால் முன்னால் வந்து நிற்க. ‘இவளுக்கு நீங்கள்தான் பொறுப்பு, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுத்தான் அவர்களுக்கு வெள்ளையடித்தேன். ஒவ்வொருவரிடமும் பெயர் வாசித்துக் கேட்டேன்.

இதையெல்லாம் சொன்னேன். ஒரு வரியில் எழுதிக்கொண்டான். கூட வந்த பெண்களின் பெயரைக் கேட்டான். நான் தனியாகத்தான் போனேன் என்றேன். அந்த ஒரு பொய்க்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அதுவும் ஆண்டவரிடம்.

வீட்டுக்கு வந்ததும் உன் நிறுவனத்திலிருந்து தொலைபேசி. வழக்கு முடியும்வரை நான் வேலைக்கு வரக்கூடாது. தீர்ப்பு எனக்கு எதிராக வந்தால் இந்த மாநிலத்தில் இனி எந்தக் கிழவரையும் நான் குளிப்பாட்ட முடியாது. அந்தப் பெண் “கம்பெனி பாலிசி ஆன்ட்டி, என்ன பண்றது” என்றாள். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

பேருந்து வரட்டும். ஏறிப் போக எனக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஓரீத்தா

*

மே 2

ஓரீத்தா அக்காவுக்கு,

ஜெபத்தோடு தொடங்க முயன்றேன். வரவில்லை.

நான் என்ன ஆனேன் தெரியுமா? மெழுகுவத்தி கொண்டுவந்தவர்கள் இப்போது நகராட்சிக்குத் தொலைபேசி செய்கிறார்கள். குடும்பமாகச் சேர்ந்து நாடகம் போட்டோமாம். அனுதாபத்துக்காக நானே அடிக்கச் சொன்னேனாம். போலீஸ் தலைவர் நடைபாதையில் என்னைப் பார்த்ததும் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். அது ஒலிக்கவே இல்லை.

பேருந்துத் தீர்மானம் தோற்றுவிட்டது.

கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவ்வளவுதானே கேட்டேன்? நீங்கள் எப்போதும் இப்படித்தான். உண்மையைச் சொல்வதில் உங்களுக்கு ஒரு ருசி இருக்கிறது. யார் மேல் விழுகிறது என்று பார்ப்பதில்லை. உங்கள் வீட்டு நிலவறையில் எங்களைத் தங்க வைத்தீர்கள். உண்மை. அதை நான் ஒருநாளும் மறக்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு வருடமும் அதே நிலவறையில் எனக்குப் பிறந்தநாள் சோறு போட்டீர்கள். அதுவும் உண்மை.

உங்களை வேலையிலிருந்து நிறுத்தியது நானில்லை. மாநிலத்தின் விதி. என் நிறுவனம் என்பதால் அதை வளைத்தால் நாளைக்கே மூடிவிடுவார்கள்.

ஒரு வழி கிடைத்திருக்கிறது. நகராட்சி வழக்கறிஞர் வழக்கைக் கைவிடத் தயார். நீங்கள் பகிரங்கமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இந்த நாட்டின் வழக்கம் தெரியாமல், அறியாமையால் செய்துவிட்டேன் என்று. நாலு வரி. வேலை திரும்பக் கிடைக்கும். கற்களையும் சுத்தம் செய்தாகிவிட்டது. எல்லாம் முடிந்துவிடும்.

நியான்

*

மே 6

நியான்,

அறியாமை.

இந்த ஊரில் இத்தனை வருடமாகக் கிழவர்களுக்கு மலம் துடைத்து, நகம் வெட்டி, கடைசி மூச்சில் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகள் விமானத்தில் வந்து சேரும்வரை நான்தான் பிள்ளை. இவர்களின் சாவைப் பற்றி எனக்கு அறியாமை இருக்கிறதாம். எழுத மாட்டேன்.

கற்களைச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, பார்க்கப் போனேன்.

நியான், லேலேயின் கல்லையும் கழுவியிருக்கிறார்கள்.

இயந்திரத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து. கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல். கடையில் விற்கும் கல்லைப்போல் நிற்கிறது. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம், இது ஹெக்லண்ட் கல் இல்லையே, இதை ஏன் தொட்டீர்கள் என்றேன். அவர் காதிலிருந்து அடைப்பானை எடுத்துவிட்டு, “மேயர் சொன்னாரும்மா, எல்லாத்தையும்னு” என்றார்.

எல்லாத்தையும்.

நம் ஊரில் உயிரோடிருக்கும் மனைவியைத் தெருவில் விட்டவன் உண்டு. செத்தவளின் உடுப்பை உரிந்தவனை நான் கேள்விப்பட்டதில்லை.

நிலவறையைப் பற்றி எழுதினாய். நானும் எழுதுகிறேன். நீ அங்கே சபை தொடங்கிய முதல் ஞாயிறு. மத்தளச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டார். நீயும் லேலேயும் கொதிகலனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். அகதி முகாமின் பழக்கம். உடுப்பைப் பார்த்தால் ஒளிவது. நான்தான் மேலே போய்க் கதவைத் திறந்தேன். எனக்கு அப்போது இந்த நாட்டுக் காகிதம்கூடக் கைக்கு வரவில்லை. “இவங்க என் ஆளுங்க. என்ன தப்புன்னாலும் என்கிட்ட கேளுங்க” என்றேன்.

அதற்குப் பெயர் பிறந்தநாள் சோறு அல்ல. உனக்கு நான்தான் பொறுப்பு என்று நின்றேன். இப்போது நீ ஊர்த் தலைவன். நான் குற்றவாளி. எனக்கு யார் பொறுப்பு?

பதில் எழுதாதே.

ஓரீத்தா

*

மே 14

அக்கா,

எழுதுகிறேன்.

‘எல்லாவற்றையும்’ என்றுதான் சொன்னேன். தொலைபேசியில். இன்னொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டே. லேலேயின் கல் அதில் வரும் என்று தோன்றவில்லை. எனக்கு அதைப் பற்றி எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

போனேன். காரிலிருந்து இறங்கவில்லை.

நேற்று திருமதி ஹெக்லண்ட் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். ஊன்றுகோலை என் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் மன்னிப்பில் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கிட்ட கேட்டிருக்கணும்.”

ஆமாம் என்றேன்.

“கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்.”

பிறகு உங்களைக் குறித்து, ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார். பொறுப்புத் தகப்பனைப் பற்றிச் சொன்னேன். லேலே அங்கே புதியவள் என்றேன். “எங்க தாத்தாகிட்டயா கேட்டாங்க? அவரு யாருக்கும் பொறுப்பு ஏத்துக்கற ஆளில்லையே” என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எழுந்தபோது, “இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?” என்றார்.

நான் கதவைத் திறந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் போரில் இறந்தவர்களின் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்தில் மேயர் பேச வேண்டும் என்பது வழக்கம். அந்த நாளுக்கும் முன்பு நம் நாளின் பெயர்தான் இருந்ததாம், கல்லறைகளை அலங்கரிக்கும் நாள் என்று. அவர்தான் சொன்னார். அங்கே பேசுகிறேன். வாருங்கள்.

நியான்

*

மே 28

நியான்,

வந்தேன். பின்னால், குழாயடியில் நின்றேன். குடை வைத்திருந்தேன், உனக்குத் தெரிந்திருக்காது.

“ஒரு தவறான புரிதல்” என்றாய். “இரு பண்பாடுகள்” என்றாய். “நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய தருணம்” என்றாய். கொடி ஆடியது. கை தட்டினார்கள். எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம், “பாவம், அந்தப் பொம்பளைக்கு விவரம் பத்தல” என்றார். உன் பேச்சிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அதுதான்.

யாருடைய தவறான புரிதல்? எனக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. உனக்கும் புரிந்துதான் இருந்தது. தெரியாமலிருந்தது அவர்களுக்கு மட்டும். அவர்களைத் தெரியாமல் வைத்திருந்தது நீ.

ஒரு வாக்கியம் போதும். ‘முதல் நாளே எனக்குத் தெரியும்.’ வேறு எதுவும் வேண்டாம். பைபிளை எடுக்க வேண்டாம், கொடியை எடுக்க வேண்டாம். அந்த வாக்கியத்தைச் சுற்றி நீ ஒரு முழுச் சொற்பொழிவைக் கட்டினாய், அது வெளியே வந்துவிடாதபடி.

பேசி முடித்துவிட்டுக் கீழே இறங்கி நடந்தாய். லேலேயைத் தாண்டிப் போனாய். நிற்கவில்லை. கேமரா இருந்ததே என்பாய். ஏப்ரலிலும் இருந்தது.

ஜூன் ஆறாம் தேதி எனக்கு நீதிமன்றம். வர வேண்டாம்.

ஓரீத்தா

*

ஜூன் 4

அக்கா,

நேற்று நகராட்சிக் கூட்டம். சாலைப் பள்ளங்களைப் பற்றிய விவாதம் முடிந்தது. வேறு ஏதாவது உண்டா என்று நானே கேட்க வேண்டிய இடம். கேட்டேன். நானே சொன்னேன்.

“முதல் நாளே எனக்குத் தெரியும். விரல்ல தொட்டேன், சுண்ணாம்பு. யார் அடிச்சது, எதுக்கு அடிச்சாங்க, எல்லாம் தெரியும். நீங்க என்மேல இரக்கப்பட்டீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால சொல்லல.”

இவ்வளவுதான். நீங்கள் ஒரு வாக்கியம் கேட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஓர் உறுப்பினர், கடையில் சில்லறையை மேசைமேல் வைப்பவர், எழுந்து நான் விலக வேண்டும் என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். போலீஸ் தலைவர் சுவரோரமாக நின்றார். தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று என் தோளில் வைத்த கை.

அடுத்த வாரம் வாக்கெடுப்பு. தோற்பேன் என்று நினைக்கிறேன். சபையிலும் இரண்டு மூப்பர்கள் பேச வேண்டும் என்கிறார்கள். நம் ஆட்களுக்கு வேறு கோபம். “கெடைச்ச நாற்காலிய யாராச்சும் இப்படித் தள்ளிவிடுவாங்களா பாஸ்டர்?” என்கிறார்கள். ஒருவகையில் அவர்கள் சொல்வதும் நியாயம். நான் போனால் பேருந்தைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது.

கூட்டம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இந்த முறை இறங்கினேன். அந்த வெறும் கல்லின் முன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினேன். அபத்தமாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வருவேன். வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். வருவேன்.

நியான்

*

ஜூன் 7

நியான்,

உன்னைப் பாராட்டுவதற்காக எழுதவில்லை.

நீதிபதி என் பெயரைக் கூப்பிட்டதும் நீயும் எழுந்து நின்றாய். என் வக்கீல் பெண் திடுக்கிட்டு உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீதிபதி கண்ணாடியை இறக்கி, “நீங்க யாரு? மேயர்தானே?” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே திரும்பி வெளியே போயிருப்பேன், தண்டனை எதுவானாலும்.

“இவங்க என் ஆளு. என்ன தப்புன்னாலும் என்கிட்ட கேளுங்க” என்றாய்.

இங்கே அப்படி ஒரு நடைமுறை இல்லை, உட்காருங்கள் என்றார். நீ உட்காரவில்லை. மறுபடியும் சொன்னார். கடைசியில் காவலர் உன்னை நோக்கி ஓரடி வைத்தார். அப்போதும் நீ நின்றாய். அந்த உடுப்பைப் பார்த்தும்.



வழக்கைச் சின்னக் குற்றமாகக் குறைத்திருக்கிறார்கள். அபராதம் கட்டிவிட்டேன். கேட்காமல் பிறர் கல்லைத் தொட்டது தப்பு என்று ஒப்புக்கொண்டேன், அது உண்மை. அறியாமை என்று எழுதவில்லை. வேலை திரும்பக் கிடைக்குமா என்று மாநிலத்திலிருந்து பதில் வர வேண்டும். கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அது நீ மௌனமாக இருந்த நாட்களின் விலை. நான் மறக்க மாட்டேன். நீயும் மறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதாக இல்லை. என் நாற்காலியை எடுத்துவிடவும் வேண்டாம்.

வெளியே படிக்கட்டில் திருமதி ஹெக்லண்ட் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்க தாத்தா என்ன சொன்னாரு?” என்றார். இன்னும் பதில் வரவில்லை என்றேன். “வராது” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பியை விட்டு என் கையைப் பிடித்துப் படி இறங்கினார்.

லேலே வெறுமையாக நிற்கிறாள். அவசரப்பட்டு இப்போது போய் எதையும் பூசாதே. அதற்கு ஒரு நாள் இருக்கிறது. மார்ச்சில், இரண்டாவது புதன். பனி இருக்கும், மண்வெட்டி கொண்டு வா. சுண்ணாம்பை நான் கரைக்கிறேன். முதல் தூரிகை உன்னுடையது. அன்றைக்கு நீ மேயராக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அதற்கு முன் அந்த அம்மாவிடம் போய், அவர்கள் கற்களுக்கும் அடிக்கலாமா என்று கேள். வேண்டாம் என்பார்.

மறுபடியும் கேள்.

ஓரீத்தா